மறுநடிப்பில் விடுபட்ட மூன்று நாட்கள்: ஒரு கொள்ளைப் படத்தின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

சித்தூர் என்றால் பலருக்கு ஆந்திரா நினைவுக்கு வரும். நான் சொல்வது பாலக்காட்டுச் சித்தூர். அந்தத் தாலுகாவில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம் பக்கத்து ஊர்களில் பல வீடுகளில் பேச்சு தமிழ்தான். பஞ்சாயத்து ஆபீஸும் போலீஸ் ஸ்டேஷனும் மலையாளம். சந்தைக்குப் பொள்ளாச்சி, ஆஸ்பத்திரிக்குக் கோவை, கேஸ் என்றால் பாலக்காடு. நாங்கள் ஐந்து பேரும் இந்தப் பக்கத்து ஆட்கள். இயக்குநர், கேமராக்காரர், சவுண்டு பார்த்தவர், தயாரிப்பைக் கவனித்துக்கொண்ட தோழி, எடிட்டராக நான்.

இந்த எல்லைப் பகுதியில் நடந்த ஒரு நகைக்கடன் கடைக் கொள்ளையைப் பற்றி 70 நிமிடப் படம் ஒன்று எடுத்தோம். சம்பந்தப்பட்டவர்களின் பேட்டி பாதி, நடிகர்களை வைத்து எடுத்த மறுநடிப்புக் காட்சிகள் பாதி. ஊர், ஆண்டு, ஆட்களின் பெயர் எதையும் இங்கே சொல்லவில்லை, அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களையும் விட்டிருக்கிறேன். இந்த மாதிரிப் படம் எடுக்கக் கிளம்பும் வேறு குழுக்களுக்குப் பயன்படும் என்று, நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

சம்பவம்

மாரியம்மன் நோம்பி ராத்திரி. செண்டையும் வெடியுமாக ஊரே கோயில் மைதானத்தில் இருந்தது. நகைக்கடன் கடையை ஒட்டி ஒரு தையல் கடை, காலியாகிச் சில மாதமாகப் பூட்டிக்கிடந்தது. நான்கு இளைஞர்கள் அதன் வழியாகச் சுவரை உடைத்து உள்ளே போனார்கள். நால்வரில் ஒருவனுக்கு அப்போது 17 வயது. காவலுக்கு இருந்த பெரியவரை அவருடைய துண்டாலேயே கட்டிப்போட்டார்கள். போன நகை 3 கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதல். 19 நாளில் பிடிபட்டார்கள். அதற்குள் பெரும்பகுதியை உருக்கிக் கட்டியாக்கிவிட்டார்கள். தொண்டி, அதாவது மீட்ட திருட்டுப் பொருள், என்று கோர்ட்டுக்குப் போனது அந்தக் கட்டிகள்தான். அதைப் பார்த்து, இது என் வளையல், இது என் கொடி என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

பெரியவர்களான மூவருக்கும் தண்டனை கிடைத்தது. வெளியே வந்த பிறகு அவர்களில் இருவர் கேமரா முன் பேச ஒத்துக்கொண்டார்கள். படம் தொடங்கியது அங்கேதான்.

வடிவத்தைத் தேர்ந்தெடுத்தது

பாலக்காடு, மலப்புறம் பக்கம் எந்தக் கொள்ளையைப் பற்றிப் பேச்செடுத்தாலும் சேலேம்பரா வந்துவிடும். 2007 டிசம்பர் கடைசியில் மலப்புறம் மாவட்டத்துச் சேலேம்பராவில் ஒரு வங்கிக்குக் கீழே இருந்த ஹோட்டலை வாடகைக்கு எடுத்து, மேல்தளத்தைத் துளைத்து ஏறி, சுமார் 80 கிலோ தங்கத்தைக் கொண்டுபோனார்கள். ஒரு இந்திப் படத்தைப் பார்த்துத்தான் யோசனை வந்ததாகப் பிடிபட்ட பிறகு அதன் தலைவன் சொன்னான். நாங்கள் பேட்டி கண்ட இருவரில் ஒருவரும், சின்ன வயதில் டீக்கடையில் கேட்ட சேலேம்பராக் கதையிலிருந்துதான் பேச்சையே ஆரம்பித்தார். சினிமாவைப் பார்த்து ஒரு திருட்டு, அந்தத் திருட்டைக் கேட்டு இன்னொரு திருட்டு, இப்போது அதை வைத்து எங்கள் சினிமா. இது எங்களுக்கு அன்றைக்கே உறைத்திருக்க வேண்டும்.

வடிவத்துக்கு எங்கள் முன்னால் இருந்த மாதிரி பார்ட் லேட்டன் 2018-இல் எடுத்த 'அமெரிக்கன் அனிமல்ஸ்'. 2004 டிசம்பரில் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்து லெக்சிங்டனில், டிரான்சில்வேனியா பல்கலைக்கழக நூலகத்தில் ஆடுபனின் பறவை ஓவியத் தொகுதி உள்ளிட்ட அரிய புத்தகங்களைத் திருடப் போன நான்கு மாணவர்களின் கதை. நூலகர் அம்மாவைக் கட்டிப்போட்டார்கள். பெரிய தொகுதிகளைப் போகும் வழியிலேயே விட்டுவிட்டு ஓடினார்கள். ஆளுக்கு ஏழு ஆண்டு சிறை. படத்தில் நடிகர்களும் உண்டு, நிஜமான அந்த நால்வரும் உண்டு. நினைவு முரண்படும் இடங்களில் காட்சியே மாறும். ஓரிடத்தில் நிஜ ஆள் வந்து, தன்னை நடிக்கிறவருக்குப் பக்கத்தில் காரில் உட்கார்ந்திருப்பார்.

இதைத்தான் எடுத்துக்கொண்டோம். அதே படத்தில், மனதில் போட்ட கொள்ளை வழுக்கிக்கொண்டு போவதும், நிஜக் கொள்ளையில் கைகால் உதறுவதும் அடுத்தடுத்து வரும். கட்டிப்போடும் இடம் பார்க்கவே சங்கடமாக இருக்கும். கடைசிப் பகுதியில் நிஜ நூலகர் நேரில் வந்து பேசுவார். இந்த மூன்றும்தான் படத்தைத் தாங்குகிறவை. நாங்கள் காருக்குள் உட்காரும் உத்தியை எடுத்துக்கொண்டு இந்த மூன்றையும் விட்டுவிட்டோம்.

படப்பிடிப்பில் கவனித்தவை

பேட்டிகள் மட்டும் 19 மணி நேரம். ஆடி மாதம், கணவாய்க் காற்று. மைக்குக்கு உறை மாட்டியும் பாதிப் பேட்டியில் பனைமரம் சலசலக்கும். சவுண்டு பார்த்தவர் புலம்பிக்கொண்டே இருந்தார். எனக்கு அந்தச் சத்தம் பிடித்திருந்தது, கடைசி வரை நீக்கவில்லை.

இரண்டு இளைஞர்களும் பெரும்பாலும் ஒத்துப்போனார்கள். பெரியவர் விஷயத்தில் மட்டும் பிரிந்தார்கள். உள்ளே போனபோது அவர் தூங்கிக்கொண்டிருந்தார் என்றார் ஒருவர். முழித்து உட்கார்ந்து டார்ச்சை எங்கள் மேல் அடித்தார் என்றார் மற்றவர். இரண்டையுமே நடிக்கவைத்து எடுத்தோம். இரண்டாவதில் டார்ச் கை தவறிக் கீழே விழுந்து, உருண்டு, சுவரில் அதன் வெளிச்சம் வட்டமாக ஆடி நிற்கும். இயக்குநருக்கு அந்த ஷாட் மேல் உயிர். எனக்கும்தான். டிரெய்லர் தொடங்குவதே அதில்தான் என்று வைத்திருந்தோம்.

மூன்றாவது ஆதாரமாக வழக்குக் கட்டு இருந்தது. அதில் போலீஸிடம் கொடுத்ததாகச் சொல்லும் ஒப்புதல் வாக்குமூலங்கள். திட்டம், ஆள் பிரிப்பு, நேரம் எல்லாம் திரைக்கதை மாதிரியே வரிசையாக இருந்தன. அதை வைத்தே காட்சிகளைப் பிரித்தோம். படப்பிடிப்பு பாதி முடிந்த பிறகுதான் ஒரு வக்கீலிடம் காட்டினோம். அவர் முதலில் சொன்னது, போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் குற்றவாளிக்கு எதிரான சாட்சியமாகாது என்பது. 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தில் 25-ஆவது பிரிவு. அவன் சொல்லி ஒரு பொருள் கிடைத்தால் அந்த அளவுக்கு மட்டும் 27-ஆவது பிரிவின்படி எடுத்துக்கொள்வார்கள். 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்திலும் இது மாறவில்லை. அதாவது கோர்ட் கையில் எடுக்காத ஒரு எழுத்தை நாங்கள் ஆவணம் என்று நம்பிக் காட்சி அமைத்திருந்தோம். அதை எழுதியவர் ஸ்டேஷன் ரைட்டர். இரண்டு பேரின் ஒப்புதலில் ஒரே வாக்கியம் எழுத்து மாறாமல் வருவதை அப்புறம்தான் கவனித்தோம்.

அதே கட்டில் முதல் தகவல் வாக்குமூலமும் இருந்தது. கொடுத்தவர் பெரியவர். நாலு பக்கம், முழுக்க மலையாளம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் தமிழில் அவருடைய கையெழுத்து. கடைசி எழுத்தின் கால் மட்டும் நீண்டு பேப்பர் ஓரத்தைத் தொட்டிருக்கும். அந்த நாலு பக்கத்தைத் தமிழாக்கி, நல்ல கனமான குரலுள்ள டப்பிங் கலைஞரை வைத்துப் படிக்கச்சொல்லிப் படத்தில் போட்டோம். மலையாளத்தில் இருக்கும் வாக்குமூலத்துக்கு அடியில் ஏன் தமிழ்க் கையெழுத்து என்று ஐந்து பேரில் ஒருவர்கூட நின்று யோசிக்கவில்லை. எல்லையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது அவ்வளவு பழகிய காட்சி.

பெரியவரை அதுவரை ஒரே ஒரு முறைதான் பார்த்திருந்தோம். அரை மணி நேரம். கட்டியது எப்படி, எந்தக் கை முதலில் என்று நடிகருக்காகக் கேட்டுக்கொண்டு வந்துவிட்டோம்.

வாயனசாலையில் முதல் திரையிடல்

ரஃப் கட், அதாவது முதல் கட்ட எடிட், முடிந்ததும் ஒரு கிராமத்து வாயனசாலையில் (நூலகத்தில்) போட்டுப் பார்த்தோம். 40 பேர் இருப்பார்கள். சுவரை உடைக்கும் இடத்தில் பையன்கள் விசில் அடித்தார்கள். வெடிச் சத்தத்துக்கும் கடப்பாரைச் சத்தத்துக்கும் தாளம் சேர்த்து நான் வெட்டிய இடம் அது. பெரியவரைக் கட்டும்போது சிரிப்பு. நடிகர் முழியை உருட்டிக் கொஞ்சம் தமாஷாகச் செய்திருந்தார், நாங்களும் விட்டிருந்தோம்.

பெரியவர் மூன்றாவது வரிசையில் மகளோடு உட்கார்ந்திருந்தார். எல்லோரும் சிரித்தபோது அவரும் சிரித்தார். மகள் சிரிக்கவில்லை. நான் பின்னால் புரொஜெக்டர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாக்குமூலம் ஓடியபோது அவர் பக்கத்தில் இருந்தவரிடம், "இது யாரு பேசறது?" என்று கேட்டது எனக்குக் கேட்டது. தான் பேசியதாகப் போகிறது என்று அவருக்குத் தெரியவில்லை.

ஒருவர் பாதியிலேயே எழுந்து போனார். அந்தக் கடையில் தாலிக்கொடியைப் பணயம் (அடகு) வைத்திருந்த ஒரு அக்கா. கல் கழித்த எடைக்குப் பணம் கொடுத்துவிட்டார்களாம். ஆனால் மாமியார் கழுத்திலிருந்து வந்த கொடி அது. கொள்ளைக்காரர்கள் பிடிபடும் காட்சி வரைகூட அவர் இருக்கவில்லை.

மூன்று நாள்

படம் முடிந்து வெளியே டீ குடிக்கும்போது பெரியவர் இயக்குநரிடம் சொன்னார்: "நல்லாத்தான் எடுத்துருக்கீங்க தம்பி. கட்டிப்போட்டது ஒரு ராத்திரிதானுங்க. ஸ்டேஷன்ல உக்கார வெச்சது மூணு நாளு. அத எங்கியும் காணமே."

எங்களுக்கு விளங்கவில்லை. மகள்தான் சொன்னார். காலையில் பால்காரர் வந்து கட்டை அவிழ்த்திருக்கிறார். பெரியவர் நேராக ஸ்டேஷனுக்குப் போய்த் தகவல் கொடுத்திருக்கிறார். அப்புறம் வீட்டுக்கு விடவில்லை. உள்ளாள் வேலை என்று சந்தேகம். டார்ச் எங்கே, டார்ச் எங்கே என்று திரும்பத் திரும்பக் கேட்டார்களாம். மூன்றாம் நாள் சாயங்காலம் போகச் சொன்னார்கள். கடையிலும் வேலை போயிற்று. நிஜத் திருடர்கள் பிடிபடும் வரை அந்த 19 நாளும், டீக்கடையில் அவர் உட்கார்ந்தால் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. மகளுக்கு வந்திருந்த ஒரு சம்பந்தம் அந்த வாரத்திலேயே நின்றுபோனது.

இதில் ஒன்றுகூட எங்கள் படத்தில் இல்லை. எப்படி இருக்கும்? கொள்ளையடித்தவர்களுக்கு இது தெரியாது, அவர்கள் நினைவில் அவர் துண்டால் கட்டப்பட்டதோடு முடிந்துபோகிறார். போலீஸ் கட்டில் அந்த மூன்று நாளுக்கு ஒரு தாளும் கிடையாது. ஆவணம் ஒரு பக்கம், நினைவு ஒரு பக்கம் என்று இரண்டையும் கலந்து உண்மையைப் பிடித்துவிட்டோம் என்றிருந்தோம். அந்த இரண்டு பக்கத்திலும் அவருக்கு இடமே இருக்கவில்லை. அன்றைக்கு ராத்திரி வீடு திரும்பும்போது வண்டியில் யாரும் பேசவில்லை.

எடுத்த முடிவுகளும் காரணமும்

முதலில், பெரியவரையே நடிக்க வைக்கலாமா என்ற கேள்வி. இயக்குநர் வேண்டும் என்றார். ஈரானிய இயக்குநர் கியாரோஸ்தமி 1990-இல் எடுத்த 'க்ளோஸ்-அப்'பில், பிரபல இயக்குநர் மக்மல்பாஃப் தான்தான் என்று ஒரு குடும்பத்தை நம்ப வைத்தவரும் அந்தக் குடும்பமும் நடந்ததைத் தாங்களே நடித்துக் காட்டுகிறார்கள். அந்த மாதிரி செய்யலாம் என்பது அவர் வாதம். நான் எதிர்த்தேன். பெரியவரிடம் கேட்டதும், "சொல்லுங்க தம்பி, எங்க படுக்கோணும்?" என்று உடனே எழுந்துவிட்டார். அந்தச் சம்மதம்தான் எங்களைப் பயமுறுத்தியது. மூன்று நாள் யாரோ சொன்ன இடத்தில் உட்கார்ந்து பழகிய மனிதர், கேமரா வைத்திருக்கிறவர் சொன்னாலும் உட்காருவார். இரண்டு வாரம் விட்டு, மகளையும் வைத்துக்கொண்டு மறுபடி கேட்டோம். கையைக் கட்ட வேண்டாம், ஸ்டேஷன் மாதிரி எதுவும் போட வேண்டாம், காலையில் எழுந்து நடந்ததை வேண்டுமானால் நடந்து காட்டுகிறேன் என்றார். அதை மட்டும் எடுத்தோம். பழைய கடை வாசலிலிருந்து பஸ் ஸ்டாப் வரை அவர் நடந்து வருகிறார். 4 நிமிடம், வெட்டே இல்லாத ஒரே ஷாட். நடுவில் ஒரு தடவை நின்று, தையல் கடை இருந்த இடத்தைப் பார்க்கிறார். நாங்கள் சொல்லிச் செய்ததில்லை.

இரண்டாவது, ஒவ்வொரு மறுநடிப்பும் யாருடைய வார்த்தை என்று திரையிலேயே எழுதிப் போட்டோம். எர்ரல் மோரிஸின் 'தி தின் ப்ளூ லைன்' (1988) இதில் வழிகாட்டியது. டல்லாஸில் 1976-இல் ஒரு போலீஸ்காரர் சுடப்பட்டதை அது திரும்பத் திரும்ப நடித்துக் காட்டும், ஒவ்வொரு முறையும் வேறொரு சாட்சி சொன்னபடி. மில்க் ஷேக் கோப்பை காற்றில் பறந்து விழுவதைக்கூடத் தனியாகக் காட்டும். எதையும் இதுதான் நடந்தது என்று சொல்லாது. தப்பாகத் தண்டிக்கப்பட்ட ராண்டல் ஆடம்ஸ் 1989-இல் வெளியே வந்ததில் அந்தப் படத்துக்குப் பங்கு உண்டு. எங்கள் ரஃப் கட்டில் மறுநடிப்பு முழுக்கக் கடவுள் பார்த்த மாதிரி இருந்தது. பெயரைப் போட்டதும் சுவர் உடைக்கும் காட்சியின் மிடுக்கு பாதி இறங்கிவிட்டது. தாளத்தை நானே கலைத்து, 6 நிமிடத்தை 2 ஆக்கினேன்.

டார்ச் ஷாட்டை வைத்துக்கொண்டோம், டிரெய்லரிலிருந்து எடுத்தோம். அதற்கு மேலே, "இரண்டாவது இளைஞர் சொன்னது".

மூன்றாவது, அந்த 17 வயதுப் பையன். 2015-ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டம் 74-ஆவது பிரிவு, சட்டத்துக்கு முரண்பட்ட சிறாரின் பெயர், முகவரி, பள்ளி, அடையாளம் காட்டும் வேறு எதையும் வெளியிடக் கூடாது என்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, 2 லட்சம் வரை அபராதம். இப்போது வளர்ந்துவிட்ட அவரே பேச விரும்பினார். முகத்தை மறைத்துக் குரலை மட்டும் வைக்கலாமா என்று பார்த்தோம். சின்ன ஊரில் குரலே போதும். அவர் வீட்டுச் சந்து தெரிந்த ஷாட்டைக்கூட எடுத்துவிட்டு, நாலாவது ஆளைப் படத்தில் எங்கும் காட்டுவதில்லை என்று முடிவு செய்தோம்.

வாக்குமூலத்தின் கனக்குரல் போயிற்று. அந்த நாலு பக்கத்தையும் மலையாள எழுத்தாகவே, சத்தமில்லாமல், அடியில் உள்ள கையெழுத்து தெரியும்படி காட்டுகிறோம்.

அதன் பிறகு

புதிய வெட்டைப் பார்த்த இரண்டு இளைஞர்களில் ஒருவர் சம்மதத்தைத் திரும்பப் பெற்றார். "நாங்க பேசறது கொறஞ்சு போச்சுங்ணா" என்றார். கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் எங்களிடம் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு சண்டை போட வேண்டாம் என்று விட்டுவிட்டோம். ஆட்டோ சங்கரின் சுயசரிதை தொடர்பாக நக்கீரன் ஆசிரியர் போட்ட வழக்கில் 1994-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த கோடு இங்கே உதவியது. கோர்ட் ஆவணம் போன்ற பொதுப் பதிவுகளில் உள்ளதைப் பொதுவாகச் சம்மதம் இல்லாமல் எழுதலாம், அதற்கு அப்பால் போய் ஒருவர் வாழ்க்கையை எழுதினால் பிரச்சினை வரும். எனவே தீர்ப்பில் உள்ள அளவுக்கு மட்டும் அவர் பங்கை வைத்துக்கொண்டு 11 நிமிடப் பேட்டியை எடுத்தோம். படத்தின் நடுப்பகுதி இதனால் தளர்ந்திருக்கிறது, மறைக்கவில்லை.

ஒரு ஓடிடிக்காரர்கள் பார்த்துவிட்டு, சுவர் உடைக்கும் காட்சியைப் பழையபடி முன்னால் கொண்டுவந்தால் யோசிக்கலாம் என்றார்கள். செய்யவில்லை. படம் விலை போகவில்லை. வாயனசாலைகள், ஃபிலிம் சொசைட்டிகள் என்று ஐந்து இடத்தில் காட்டினோம்.

முதலில் காட்டிய அதே வாயனசாலையில் மறுபடி போட்டோம். விசில் ஒன்றிரண்டு எழுந்து அடங்கியது. கட்டும் காட்சியை வேறு நடிகரை வைத்து மறுபடி எடுத்திருந்தோம், அப்போது யாரும் சிரிக்கவில்லை. பெரியவர் வரவில்லை, மகள் வந்தார். அப்பா நடந்து வரும் அந்த ஷாட்டை மட்டும் போனுக்கு அனுப்பச் சொன்னார். எழுந்து போன அக்காவைப் பேட்டி எடுக்கக் கேட்டோம். பணயச் சீட்டைக் காட்டினார், முகம் வேண்டாம் என்றார். சீட்டும் அவர் விரலும் 40 விநாடி படத்தில் இருக்கின்றன.

இனிச் செய்வது

பேட்டி வரிசையை மாற்றுவோம். பாதிக்கப்பட்டவரிடம் முதலில் போக வேண்டும், அதுவும் கொள்ளை எப்படி நடந்தது என்று கேட்காமல், அடுத்த நாள் என்ன ஆயிற்று என்று கேட்க வேண்டும். வக்கீலைப் படப்பிடிப்புக்கு முன்பே பார்க்க வேண்டும்.

காசு விஷயமும் சொல்லியாக வேண்டும். இரண்டு இளைஞர்களுக்கும் வந்துபோகும் செலவு, சாப்பாடு, ஒரு தொகை என்று முதல் நாளிலிருந்தே கொடுத்தோம். பெரியவருக்கு எங்களால் இரண்டு நாள் கூலி போயிருந்தது. கணக்கு முடிக்கும்போது தோழிதான் கண்டுபிடித்தார். கொடுக்கப்போனபோது மகள் வாங்கிக்கொண்டார், அவர் வாங்கவில்லை.

படிக்கத் தெரியாத மொழியில் கையெழுத்துப் போட்ட ஒருவரின் வாக்குமூலத்தைப் பயன்படுத்தும் முன், அதை அவர் முன்னால் உட்கார்ந்து அவர் மொழியில் படித்துக் காட்ட வேண்டும். பெரியவருக்கு நாங்கள் அதைச் செய்தது எல்லாம் முடிந்த பிறகு, அவர் வீட்டுத் திண்ணையில். நாலு பக்கத்தையும் தமிழில் சொல்லச் சொல்லப் பொறுமையாகக் கேட்டார். ஒரே ஒரு இடத்தில் கையைத் தூக்கி நிறுத்தினார். "என்னுடைய டார்ச்" என்று எழுதியிருந்த இடம். அந்த டார்ச் தன்னுடையது இல்லை, கடையுடையது, இதைத்தான் மூன்று நாளும் ஸ்டேஷனில் சொல்லிக்கொண்டிருந்தேன் என்றார்.